பொன்முடி ஏறிய கணக்கு

முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு காலம் தள்ளியவன் நான். பாலிடெக்னிக் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு திருச்சி பொன்மலையில் சார்ஜ்மேனாகச் சேர்ந்து, சீனியர் செக்‌ஷன் எஞ்சினியராக ஓய்வு பெற்று, மகள் இருக்கும் திருவனந்தபுரத்திலேயே வந்து ஒதுங்கியாயிற்று. எஞ்சின் எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற நினைப்பு உண்டு. பொன்மலையில் தொடங்கிய அந்த நினைப்பு பொன்முடியில் வைத்துக் கலைந்தது.

2024 டிசம்பர் விடுமுறை. மகள், மாப்பிள்ளை, பேத்தி, என் மனைவி, நான் ஆக ஐந்து பேர். வண்டி ஒரு சின்னப் பெட்ரோல் கார். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் முள் மீட்டர்களுக்கு நடுவே ஒரு சின்னத் திரை. பட்டனை அழுத்தினால் அதில் மூன்று கணக்குகள் மாறி மாறி வரும். இந்த நிமிடம் லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்பது ஒன்று. இதுவரையிலான சராசரி மற்றொன்று. மீதமுள்ள பெட்ரோலில் இன்னும் எத்தனை கி.மீ. ஓடும் என்கிற ‘ரேஞ்ச்’ மூன்றாவது. இதற்கு டிரிப் கம்ப்யூட்டர் என்று பெயர். அமெரிக்காவில் 1978-லேயே கேடிலாக் செவில் காரில் இதை வைத்து விட்டார்கள். அந்தக் காலத்தில் கோடீஸ்வரர் வண்டியில் இருந்தது இன்றைக்கு நம் வீட்டு வண்டிக்கு வந்திருக்கிறது.

காலையில் கிளம்பும்போது ரேஞ்ச் 150 கி.மீ. காட்டியது. நகரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாகப் பொன்முடி ஏறத்தாழ 60 கி.மீ. போக 60, வர 60, ஆகமொத்தம் 120. கையிருப்பு 30. “வழியில் பெட்ரோல் போட்டுக்கலாமா மாமா?” என்று மாப்பிள்ளை கேட்டார். “எதுக்கு? கணக்கு சரியாத்தானே இருக்கு” என்றேன். ரயில்வேக்காரன் போட்ட கணக்காயிற்றே!

விதுராவைத் தாண்டும்போது ரேஞ்ச் 110. நாற்பது கிலோமீட்டர் ஓடி நாற்பது குறைந்திருக்கிறது. ஒரு குறையும் சொல்ல முடியாது. கல்லாற்றைக் கடந்து மலைப்பாதை தொடங்கியது. பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். பேத்தி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். நான் இன்னொன்றை எண்ணத் தொடங்கியிருந்தேன். ஐந்தாவது வளைவில் ரேஞ்ச் 90-க்குக் கீழே இறங்கியது. பதினொன்றாவது வளைவில் 70. ஒரு கிலோமீட்டர் ஓடினால் நாலு, ஐந்து என்று சரிகிறது! எரிபொருள் விளக்கும் மஞ்சளாக எரிந்துவிட்டது. மேல் சானிடோரியத்தில் வண்டியை நிறுத்தியபோது திரையில் இருந்த எண் 37.

திரும்பிப் போக வேண்டிய தூரமோ 60. மலைமேல் பெட்ரோல் பங்க் கிடையாது. விதுரா வரைக்குமே 22 கி.மீ. இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1100 மீட்டர் உயரத்தில், மேகம் வந்து காலைத் தழுவிப் போகிற அருமையான இடம். புல்வெளியில் பேத்தி ஓடி விளையாடினாள். எனக்கு மட்டும் ஒன்றும் கண்ணில் படவில்லை. மனைவி கேட்டேவிட்டாள்: “என்னங்க, மூஞ்சியே சரியில்லையே?” வாயு என்று சொல்லி வைத்தேன்.

இறங்கும்போதுதான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். என் தலைமுறையில் அம்பாசடர், பத்மினி ஓட்டிப் பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியை உருளவிடுவது. பெட்ரோல் மிச்சமாகுமாம். கால் பிரேக்கிலேயே இருந்தது. பத்துப் பன்னிரண்டு வளைவுகள் இறங்கியிருப்போம். முதலில் ஒரு வாடை. ரப்பர் தீய்ந்தது போல. பிறகு அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று இப்போதும் எனக்குத் தெரியும். ஒரு ஆள் நீளம். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. பின் சீட்டில் பேத்தி அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மலைச் சுவரோரமாக ஒதுக்கிக் கல்லை வைத்து நிறுத்தினோம். முன் சக்கரங்கள் இரண்டிலும் லேசாகப் புகை. கீழிருந்து ஏறி வந்த அரசு பஸ் ஒன்று மெதுவாக நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். ஒரு பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. “சாறே, செகண்ட் கியரில் இறக்கணும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. பிரேக் ஆறும் வரை முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் சொன்னபடி இரண்டாவது கியரில் இறக்கினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விதுராவுக்கு வந்து சேர்ந்தபோது ரேஞ்ச் 67 காட்டியது. மலை உச்சியில் 37. அங்கிருந்து 22 கி.மீ. ஓடிய பிறகு 67! டேங்கில் பெட்ரோல் ஊறியதா என்ன? மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. நல்ல பிள்ளை. நேராகப் பங்குக்குப் போய் நிரப்பிக்கொண்டு வீடு வந்தோம்.

அன்றிரவு, வண்டி வாங்கிய நாளிலிருந்து பிரிக்காமல் கிடந்த கையேட்டைப் பிரித்தேன். அதற்கடுத்த சில வாரங்கள் நோட்டும் பென்சிலுமாகக் கழிந்தன. அப்போது எனக்குத் தெளிவானவற்றைத்தான் சங்க அன்பர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அந்தத் திரைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டேங்கில் உள்ள பெட்ரோலை அளந்து மைலேஜ் சொல்வதாகத்தான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. இன்றைய எஞ்சினில் கார்ப்பரேட்டர் கிடையாது. இன்ஜெக்டர் என்ற மெல்லிய ஊசித்துளைக் குழாய், எஞ்சினின் கம்ப்யூட்டர் ஆணையிடும்போது மட்டும் திறந்து பெட்ரோலைப் பீய்ச்சி மூடிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் சில மில்லி விநாடிகள்தான். எத்தனை தடவை, எவ்வளவு நேரம் திறந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். குழாயின் வாய் அளவும் தெரியும். ஆகவே எவ்வளவு பெட்ரோல் போயிற்று என்று கணக்கிடுகிறது. தண்ணீர்க் குழாயை எத்தனை விநாடி திறந்தோம் என்பதை வைத்துக் குடத்தில் எவ்வளவு நிறைந்தது என்று சொல்வதைப் போல. சக்கரச் சுழற்சியிலிருந்து தூரம் வருகிறது. தூரத்தைப் பெட்ரோலால் வகுத்தால் மைலேஜ். இரண்டுமே ஊகித்த அளவுகள் என்பதை மறக்கக் கூடாது. டயர் தேய்ந்தால் சக்கரத்தின் சுற்றளவு குறையும். ஓடாத தூரத்தை ஓடியதாகக் காட்டும்.

ரேஞ்ச் என்பது இன்னும் ஒரு படி ஊகம். டேங்கின் மிதவையைப் பார்த்து மீதிப் பெட்ரோலை எடுத்துக்கொண்டு, சமீபத்தில் ஓடிய கொஞ்ச தூரத்தின் சராசரியால் பெருக்கிச் சொல்கிறது. “இதுவரை ஓட்டியது போலவே இனியும் ஓட்டினால்” என்பது அதில் சொல்லாமல் விட்ட நிபந்தனை. முன்னால் மலை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஏறும்போது, பாவம், உலகம் முழுவதும் ஏற்றம்தான் என்று நினைத்துக்கொள்கிறது. இறங்கும்போது உலகம் முழுவதும் இறக்கம். அதனால்தான் உச்சியில் 37-ம் அடிவாரத்தில் 67-ம். சாய்வான பாதையில் மிதவையும் சாயும் என்பதால் அந்த அளவும் அங்கே நம்பகமில்லை. ரேஞ்ச் பூஜ்யம் காட்டும்போதும் டேங்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி வைத்திருப்பார்கள். அதை நம்பி ஓட்டுவது வேண்டாத வேலை. பெட்ரோல் பம்பு டேங்குக்குள்ளேயே முழுகிக் கிடக்கிறது. அதைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான்.

இப்போது மலைக்கு வருவோம். விதுராவிலிருந்து மேலே தூரம் ஏறத்தாழ 22 கி.மீ. வளைவும் 22, தூரமும் 22 என்பதால் நினைவில் வைக்க எளிது. அந்த 22 கிலோமீட்டரில் ஏறும் உயரம் சுமார் 1000 மீட்டர். ரயில்வே கணக்கில் சொன்னால் சராசரியாக 22-க்கு 1 சரிவு. பம்பாய் பக்கத்துப் போர் காட் பாதையின் சரிவே 37-க்கு 1-தான். அதற்கே பின்னாலிருந்து தள்ள ‘பேங்கர்’ எஞ்சின் வேண்டும். 12-க்கு 1 வரை செங்குத்தாக ஏறும் ஊட்டி ரயிலுக்குப் பல்சக்கரம். கார் டயர்களுக்குத் தார்ச்சாலையில் நல்ல பிடிமானம் இருப்பதால் இதெல்லாம் நமக்கு உறைப்பதில்லை. எஞ்சினுக்கு உறைக்கும்.

வண்டி, ஆட்கள், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து 1250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 1000 மீட்டர் தூக்க வேண்டிய ஆற்றல் சுமார் 12 மெகா ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகா ஜூல் இருக்கிறது. ஆனால் அதில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது கால் பங்கு, அதாவது 8. மற்றது ரேடியேட்டரிலும் புகைக் குழாயிலும் வெறும் சூடாகப் போகிறது. ஆகவே தூக்கும் கூலி மட்டும் ஒன்றரை லிட்டர். சமவெளியில் இந்த 22 கிலோமீட்டருக்கு என் வண்டி ஒன்றேகால் லிட்டர் குடிக்கும். இரண்டையும் கூட்டினால் 2.75 லிட்டர். லிட்டருக்கு 8 கி.மீ. வருகிறது. திரையும் அன்று ஏற்றத்துக்கு எட்டை ஒட்டித்தான் காட்டியது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. மலை தன் கூலியை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

இனி இறக்கம். இங்கேதான் என் பழைய வித்தை என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. கார்ப்பரேட்டர் வண்டியில் கியரில் இறங்கினாலும் எஞ்சினின் உறிஞ்சலில் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். சுழற்சி அதிகமானால் அதுவும் அதிகம். ஆகவே அன்றைக்கு நியூட்ரலில் உருட்டினால் சொற்பமாவது மிச்சமாகும் என்றது பொய்யில்லை. ஆபத்து அப்போதும் உண்டு. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு புகை விதிகள் இறுகி, கார்ப்பரேட்டர் விடைபெற்று, இன்ஜெக்டர் வந்தபின் கதை மாறிவிட்டது. வண்டி கியரில் இருந்து, நாம் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களை மூடியே விடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. செலவு பூஜ்யம். திரையில் ‘இந்த நிமிட’ எண் உச்சத்தில் போய் நின்றுகொள்ளும். சில வண்டிகளில் 99.9, சிலவற்றில் வெறும் கோடு. நியூட்ரலில் தள்ளினாலோ எஞ்சின் தானாக ஓடியாக வேண்டும். அதற்குப் பெட்ரோல் வேண்டும். என் வண்டி ஏசியோடு சும்மா நின்றால் மணிக்கு 0.9 லிட்டர் குடிக்கிறது. ஐம்பது நிமிட இறக்கத்துக்கு முக்கால் லிட்டர். நான் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் போனால் போகட்டும். ஏறும்போது சேமித்த அந்த 12 மெகா ஜூல் எங்கே போகும்? டயர் உராய்வும் காற்றும் நாலு மெகா ஜூல் தின்னும். மீதி எட்டையும் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்கிறது. நியூட்ரலில் அத்தனையும் பிரேக் தலையில். எட்டு மெகா ஜூல் என்பது ஏறக்குறைய 25 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு. அதை நாலு சக்கரத்துப் பிரேக்குகளின் மேல் கொட்டினேன். சூடு மிஞ்சினால் பிரேக் பட்டைகள் பிடிமானம் இழக்கும். குழாயிலுள்ள பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகும்.

வெட்கத்தோடு சொல்கிறேன், இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. மலைப்பாதையில் இரவில் இறங்கும் சரக்கு ரயிலின் பிரேக் கட்டைகள் சிவந்து பொறி பறக்கும். அதற்காகவே டீசல் எஞ்சினில் டைனமிக் பிரேக் வைத்திருக்கிறோம். இறக்கத்தில் சக்கர மோட்டார்களையே ஜெனரேட்டராக மாற்றி, வரும் மின்சாரத்தைக் கம்பிச் சுருள்களில் சூடாக்கிக் காற்றில் ஊதிவிடுவது. மூன்று கட்ட மின்சார எஞ்சின்களான டபிள்யூ.ஏ.பி.-7, டபிள்யூ.ஏ.ஜி.-9 போன்றவை அந்த மின்சாரத்தை மேலே உள்ள கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன. எஞ்சினைக் கொண்டே வண்டியை அடக்கு என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன், திரையில் இருந்த ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்து மறந்துபோனேன்.

நிற்க. இன்னொரு கணக்குப் பிழையையும் சொல்லியாக வேண்டும். படித்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். ஏற்றத்தில் லிட்டருக்கு 8, இறக்கத்தில் 40 என்றால் மொத்தச் சராசரி என்ன? என் மாப்பிள்ளை கணினித் துறையில் இருப்பவர். “இருபத்துநாலு” என்று பட்டென்று சொன்னார். 8-ம் 40-ம் 48, அதில் பாதி 24. தவறு. பெட்ரோலைக் கூட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் 22 கி.மீ.க்கு 2.75 லிட்டர். இறக்கத்தில் 22 கி.மீ.க்கு 0.55 லிட்டர். மொத்தம் 44 கி.மீ.க்கு 3.3 லிட்டர். லிட்டருக்கு 13.3-தான் வரும். மைலேஜ்களை நேராகக் கூட்டிச் சராசரி பார்க்கக் கூடாது; தூரத்தைத் தனியாகவும் பெட்ரோலைத் தனியாகவும் கூட்டிப் பிறகுதான் வகுக்க வேண்டும்.

ரயில்வேயில் எங்களுக்கு இந்தக் குழப்பமே வந்ததில்லை. காரணம், நாங்கள் கணக்கைத் தலைகீழாக வைத்திருந்தோம். ஆயிரம் மொத்த டன்-கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல் என்பதே எங்கள் அளவு. செய்த வேலைக்கு எவ்வளவு செலவு என்று கேட்பது. ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை லிட்டர் என்று டிரைவருக்கு ‘டிரிப் ரேஷன்’ உண்டு. மிஞ்சினால் விளக்கம் சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலும் காருக்கு 100 கி.மீ.க்கு இத்தனை லிட்டர் என்றுதான் எழுதுகிறார்கள். நம் ஊர் வண்டிகளிலும் பட்டனை அழுத்தி அந்த முறைக்கு மாற்றிக்கொள்ளும் வசதி பலவற்றில் இருக்கிறது.

என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். ஒருவர் லிட்டருக்கு 10 கி.மீ. தரும் பழைய வண்டியை விற்று 12 தரும் வண்டி வாங்குகிறார். இன்னொருவர் 20 தருவதை விற்று 24 தருவதை வாங்குகிறார். யாருக்கு லாபம்? இரண்டாமவருக்கு நாலு கிலோமீட்டர் கூடியிருக்கிறதே என்று தோன்றும். 1000 கி.மீ.க்குப் போட்டுப் பாருங்கள். முதலாமவர் 100 லிட்டரிலிருந்து 83-க்கு வந்துவிட்டார். 17 லிட்டர் மிச்சம். இரண்டாமவர் 50-லிருந்து 42-க்கு. மிச்சம் 8 லிட்டர்தான். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரிக், சோல் என்ற இருவர் இந்த மயக்கத்தைப் பற்றி 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். 2013 மாடல் வண்டிகளிலிருந்து அந்நாட்டு ஸ்டிக்கரில் 100 மைலுக்கு எத்தனை காலன் என்பதையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள். பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் அன்பர்கள் அடுத்த தடவை போகும்போது பார்க்கலாம்.

நம் ஊரில் ஷோரூமில் சொல்லும் மைலேஜ் பற்றியும் இரண்டு வார்த்தை. “22 கொடுக்கும் என்றார்கள், 16 தான் கொடுக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள்” என்று சங்கத்து நண்பர்கள் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த 22 பொய்யில்லை. ஆனால் அது சாலையில் எடுத்ததும் இல்லை. புனேயில் 1966-இல் ஏற்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்புகள், காரை உருளைகளின் மேல் நிறுத்தி, குறித்த வேக அட்டவணைப்படி ஓட்டி எடுக்கும் எண் அது. ஓட்டம் 1180 விநாடி. இருபது நிமிடத்துக்கு இருபது விநாடி குறைவு. உச்ச வேகம் 90 கி.மீ. ஏசி கிடையாது. ஏற்றமும் இல்லை, குழியும் இல்லை, கிழக்கேகோட்டை சிக்னலும் இல்லை. இரண்டு கார்களை ஒப்பிட அது நல்ல அளவுகோல். நம் வண்டி நம் தெருவில் எவ்வளவு தரும் என்பதற்கு அது பதில் ஆகாது.

பெட்ரோலே மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் லிட்டருக்கு ஆறேழு சதவீத ஆற்றல் குறைவு. பழைய நோட்டில் 17 என்று இருந்தது இப்போது 16 ஆனால் மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம்.

நம்மைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கு இன்னொன்று. காலையில் சாலை மார்க்கெட்டுக்கு இரண்டு கி.மீ. போய்க் காய்கறி வாங்கி வந்தால் திரை 9 காட்டும். குளிர்ந்த எஞ்சின் சூடேறும் வரை அதிகம் குடிக்கும். சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது. அந்த 9-ஐப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பையை எடுத்துக்கொண்டு நடந்து போனால் உடம்புக்கும் நல்லது. இதை எழுதும் நான் நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திரை சொல்வது உண்மையா என்று சோதிக்கும் வழி நம் அப்பா காலத்து வழிதான். ஒரே பங்கில், முடிந்தால் ஒரே குழாயில், தானாக ‘க்ளிக்’ என்று நிற்கும் வரை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் அமுக்கி ஊற்றச் சொல்லக் கூடாது. ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, மறுபடி அதே போல நிரப்பினால், நிரப்பிய லிட்டர்தான் நாம் செலவழித்தது. ஒரு தடவை பார்த்தால் போதாது. க்ளிக் சற்று முன்பின் ஆகும். நான் ஐந்து தடவை பார்த்தேன். மொத்தம் 1640 கி.மீ., 99.4 லிட்டர், லிட்டருக்கு 16.5. அதே காலத்தில் திரை காட்டியது 17.5. ஆறு சதவீதம் கூட்டிச் சொல்கிறது. தவறு எப்போதும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் எனக்கு அதில் சங்கடம் இல்லை. ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடும் கடிகாரம் வீட்டில் இருந்தால் கழித்துப் பார்த்துக்கொள்வதில்லையா?

திரையைக் கொண்டு உருப்படியாகச் செய்யக் கூடியது ஒன்று உண்டு. மிகச் சாதாரண நாளில், நெரிசல் இல்லாத நேரத்தில், ‘இந்த நிமிட’ எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பத்து கி.மீ. ஓட்டுங்கள். பார்ப்பது பக்கத்தில் இருப்பவராக இருக்கட்டும்; ஓட்டுபவர் கண் சாலையில். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததும் காலை எடுத்தால் எண் எங்கே போகிறது, கடைசிவரை விரட்டிப் போய்ப் பிரேக் போட்டால் எங்கே போகிறது என்று அவர் வாசிக்கட்டும். பெட்ரோலியப் பாதுகாப்புக்காக 1978-இல் ஏற்பட்ட பி.சி.ஆர்.ஏ. பல காலமாகச் சொல்லிவரும் 45–55 கி.மீ. வேகம் ஏன் என்பதும் அப்போது விளங்கும். எனக்கு வாசித்துச் சொன்னவள் என் பேத்தி.

2025 பிப்ரவரியில் மறுபடியும் பொன்முடிக்குப் போனோம். பிரேக் பட்டைகளை மாற்றி, பிரேக் எண்ணெயும் புதிதாக ஊற்றியிருந்தேன். நெடுமங்காட்டிலேயே டேங்கை நிரப்பினேன். இந்தத் தடவை வளைவுகளை எண்ணுவதை விட்டுவிட்டுப் பேத்தி முன் சீட்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துத் திரையைப் படித்துக்கொண்டு வந்தாள். “எட்டு தாத்தா... ஏழு... ஆறரை... வண்டிக்கு மூச்சு வாங்குது தாத்தா.” மேலே கேன்டீனில் நானும் மாப்பிள்ளையும் சூடாகச் சாயா குடித்தோம். மனைவி என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும், அழுத்தி மிதித்து, உடனே விட்டுவிடுவது. நெடுக அதன் மேலேயே கால் வைத்திருப்பதில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டே வந்தது. “பெட்ரோல் ரொம்பப் போகுதோ மாமா?” என்றார் மாப்பிள்ளை. பேத்தி எட்டிப் பார்த்தாள். “99.9” என்றாள்.

அன்பர்கள் யாராவது பொன்முடி போவதாக இருந்தால், மழைக்காலத்தில் மண்சரிவால் பாதையை மூடுவது உண்டு என்பதால் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பெட்ரோலை நெடுமங்காட்டிலோ விதுராவிலோ போட்டுவிடுங்கள். ரேஞ்ச் என்ன காட்டினாலும் சரி.